ஏறியதா என்று கேட்காத பெட்டி

வெள்ளிக்கிழமை காலை. தேத்தண்ணியை வாயில் வைக்கப் போகும்போது போன் அடித்தது. காப்பார் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையிலிருந்து மேற்பார்வையாளர் பேசினார். மூச்சு வாங்கியது அவருக்கு.

"மிஸ், கதவு தெறிச்சிருச்சு. முனியாண்டி வெந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறாங்க."

"பச்சை விளக்கு எரியறதுக்கு முன்னாடியே தொறந்துட்டாரா?"

"இல்ல மிஸ். பச்சை எரிஞ்சப்புறம்தான் தொறந்தாரு. நானே பக்கத்துல நின்னு பாத்தேன்."

போனை வைத்தேன். அந்தப் பச்சை விளக்கைச் செய்தவர்கள் நாங்கள். "சோதிக்கப்பட்டது, சரி" என்று அதன் தாளில் கையெழுத்துப் போட்டவள் நான்.

அளவீட்டுக் கருவிகள் செய்யும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். சென்சார், சர்க்யூட், மென்பொருள் எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து திங்கட்கிழமை வரை நாங்கள் எப்படி நடந்துகொண்டோம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. கோலாலம்பூர்ச் செந்தூலில் ரயில்வே பட்டறைத் தொழிலாளியின் மகளாகப் பிறந்த நான், ஒரு வெளிநாட்டுச் சிப் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் ஏழு வருடம் வேலை பார்த்திருந்தேன். அதை விட்டுவிட்டு ஸ்ரீ கெம்பாங்கானில், டயர் கடைக்கு மேலே மாடியில், ஆறு பேர் வேலை செய்த ஒரு சின்னக் கம்பெனியில் போய்ச் சேர்ந்தேன். என் அம்மா ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அந்தக் கம்பெனியை ஆரம்பித்தவரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவருக்குப் பிடிக்காது. நாங்கள் அவரை 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவோம். பிரிக்பீல்ட்ஸ் யாழ்ப்பாணக் குடும்பம். படிக்கப் போனவர் கலிபோர்னியாவிலேயே பன்னிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார். ஆங்கிலம் அமெரிக்க ஆங்கிலமாகிவிட்டது. தமிழ் மட்டும் அவருடைய அப்பாவின் தமிழாகவே இருந்தது.

திரும்பி வந்தவரை ஊர் எப்படிப் பார்த்தது என்று உங்களுக்குத் தெரியாது. இப்போது வரவேற்று மாலை போடுகிறார்கள். அப்போது பாங்கியில் ஓர் அதிகாரி என் எதிரிலேயே அவரைக் கேட்டார்: "அங்க வேலை போயிடுச்சா, மிஸ்டர்?" அதைவிட மோசம் ஆலைகளில். "ஜெர்மன் சாமானா, ஜப்பான் சாமானா?" என்பார்கள். "இங்கே, ஸ்ரீ கெம்பாங்கானில் செய்தது" என்று பாஸ் சொன்னதும் சிரித்துவிட்டு டீ கொண்டுவரச் சொல்வார்கள். டீ வந்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

எங்கள் பெட்டி என்ன செய்தது என்பதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுகிறேன். செம்பனைக் குலைகளை லோரி நீளத்துக்கு இருக்கும் இரும்பு உருளைக்குள் தள்ளி, கதவை அடைத்து, நீராவி விட்டு வேக வைப்பார்கள். வெந்ததும் ஆவியை வெளியேற்றிவிட்டுக் கதவைத் திறக்க வேண்டும். உள்ளே கொஞ்சம் ஆவி மிச்சமிருந்தாலும் கதவு தெறிக்கும். எங்கள் பெட்டிக்குள் ஒரு மைக்ரோபிராசஸர் இருந்தது. எப்போது வெந்தது என்று அதுவே கணக்கிடும். வேகும் வரை சிவப்பு விளக்கு. பிறகு மெல்லிய குழாய் ஒன்றின் வழியாக உள்ளே இருக்கும் அழுத்தத்தைப் பார்க்கும். பூஜ்யமென்றால் பச்சை. அந்த மாதிரி ஒரு பெட்டி அப்போது இந்த வட்டாரத்தில் யாரிடமும் இல்லை. மூன்று ஆலைகள் சோதனைக்கு எடுத்துக்கொண்டன. சரியாக ஓடினால் அந்தக் குழுமத்தின் எல்லா ஆலைகளுக்கும் எங்களுடைய பெட்டிதான் என்று வாய்ப்பேச்சாக முடிவாகியிருந்தது.

காப்பார் ஆலையில் பெட்டியைப் பொருத்தியவள் நான். அங்கே உருளையை இயக்கியவர் முனியாண்டி அண்ணன், நாற்பது வயதுக்காரர். நான் குழாயை மாட்டுவதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ், இது இவ்ளோ சன்னமா இருக்கே. எண்ணெ சகதி அடைச்சுக்கும் லா."

"அடைக்காது அண்ணே. கணக்குப் போட்டுத்தான் செஞ்சிருக்கோம்."

உருளையின் அடியில் ஒரு சின்னத் திருகுக் குழாய் இருந்தது. கதவைத் திறப்பதற்கு முன்னால் அதைத் திறந்து, சீறுகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்பது அவர் வழக்கம். சீறினால் காத்திருப்பார். ஒவ்வொரு முறையும் அதற்குச் சில நிமிடம் ஆகும்.

"அப்ப இத தொறந்து பாக்க வேணாமா?"

"வேணாம் அண்ணே. இனிமே மெஷின் பாத்துக்கும்."

அவர் சொன்னதை நான் எழுதிக்கொள்ளவில்லை. எழுதிக்கொள்ளத் தாளில் இடமும் இல்லை. மின்னழுத்தம், வெப்பம், நேரம் என்று முப்பத்தைந்து கட்டங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் 'சரி' போட்டேன். நான்கு மாதம் எந்தப் புகாரும் இல்லை.

போன் வந்த அன்று பாஸ் கோலாலம்பூரில் ஒரு கூட்டத்தில் இருந்தார். நான் மட்டும் காப்பாருக்கு ஓடினேன். ஆலை நிற்கவில்லை, மற்ற உருளைகள் ஓடிக்கொண்டிருந்தன. தெறித்த கதவின் முன்னால் தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஒற்றைக்கால் ரப்பர் பூட்ஸ் ஒன்று சுவரோரம் கிடந்தது.

ஸ்பேனரை எடுத்து மெல்லிய குழாயைக் கழற்றினேன். ஊதிப் பார்த்தேன். காற்று போகவில்லை. கம்பியை விட்டுக் குத்தினேன். விரல் நீளத்துக்குக் கறுப்பாக, மெழுகு மாதிரி உறைந்த சகதி வெளியே வந்து விழுந்தது.

அங்கேயே எல்லாம் புரிந்துவிட்டது. குழாய் அடைத்திருந்ததால் உள்ளே அழுத்தம் ஏறியதே பெட்டிக்குத் தெரியவில்லை. அன்று வேகத் தொடங்கியதிலிருந்தே அதற்குப் பூஜ்யம்தான். வேகும் நேரம் முடிந்ததும், "அழுத்தம் இறங்கிவிட்டதா?" என்று தன்னையே கேட்டிருக்கிறது. பூஜ்யம். ஆவி வெளியேறி முடிவதற்கு முன்பே பச்சை விளக்கைப் போட்டுவிட்டது. "முதலில் ஏறியதா?" என்று அது கேட்கவே இல்லை. அப்படி ஒரு கேள்வி கேட்கச் சொல்லி எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கலிபோர்னியாவில் பன்னிரண்டு வருடம் இருந்தவருக்கும் தோன்றவில்லை, ஏழு வருடம் சிப்புகளைச் சோதித்த எனக்கும் தோன்றவில்லை.

குழாயையும் சகதியையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் என்னைப் பேசவே விடவில்லை.

"உக்காருங்க மிஸ். பயப்படாதீங்க. உங்க மெஷின்ல ஒரு பிரச்சினையும் இல்லன்னு ரிப்போர்ட் எழுதியாச்சு. விளக்கு மாறறதுக்கு முன்னாடியே அவன் கதவத் தொறந்துட்டான். கேர்லெஸ்."

"மேற்பார்வையாளர் பச்சை எரிஞ்சதுன்னு சொன்னாரே சார்."

மேனேஜர் வெளியே நின்ற மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார். காலையில் போனில் என்னிடம் பேசிய அதே ஆள். "நீ என்ன பாத்த?" என்று மேனேஜர் கேட்டார்.

"நான் அந்தப் பக்கம் இருந்தேன் சார். சரியா பாக்கல."

என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூன்று மணி நேரத்துக்குள் ஒரு மனிதர் தான் கண்ணால் கண்டதைக் காணாமல் ஆக்கிவிட்டார். பை என் மடியில் இருந்தது. அப்போதே மேஜைமேல் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. பாஸிடம் கேட்டுக்கொண்டு செய்யலாம் என்று நினைத்தேன். பொறுப்பை மேலே தள்ளிவிடுவது எத்தனை சுலபம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

சாயங்காலம் மாடியில் பாஸ் தனியாக இருந்தார். பையைத் திறந்து சகதியைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். ஆலைக்கே போய்ச் சொல்ல அவர் உடனே காரை எடுப்பார் என்று நினைத்தேன். அவர் அப்படிப்பட்டவர் என்று நம்பித்தான் அம்மாவின் கோபத்தையும் மீறி வந்து சேர்ந்திருந்தேன்.

"அவையள் எழுதின ரிப்போர்ட்டிலை எங்கட பேர் இல்லைத்தானே?" என்று கேட்டார்.

"இல்ல பாஸ்."

"அப்ப திங்கட்கிழமை வரைக்கும் பொறும், யோசிப்பம். ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம். இப்ப சொன்னால், எங்கட ஆக்கள் செய்த சாமான் இப்பிடித்தான் எண்டு சொல்லுவினம். எங்களுக்குப் பிறகு வாறவைக்கும் கதவு அடைபட்டுப் போகும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. நியாயமான ஒரு காரணத்தை எடுத்து அநியாயத்தின் மேல் போர்த்துகிறார், அதுவும் அவ்வளவு அமைதியாக. நானும் "சரி பாஸ்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். பாதி வழிதான் வந்திருப்பேன், "சரி" என்று சொன்னது நானா என்று எனக்கே திகைப்பாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் கிள்ளானில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. முனியாண்டி அண்ணனுக்கு வலது கை, கழுத்து, மார்பு எல்லாம் கட்டுப் போட்டிருந்தார்கள். மருந்து கொடுத்துத் தூங்கவைத்திருந்தார்கள். பிழைத்துக்கொள்வார், கைதான் சந்தேகம் என்றார் நர்ஸ். கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் மனைவி இருந்தார். நான் எந்தக் கம்பெனி என்று சொன்னதும் சட்டென்று எழுந்து நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றுதான் போயிருந்தேன்.

"மன்னிச்சுக்குங்கம்மா" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"உங்க மெஷின இவரு கெடுத்துட்டாருன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. வேணும்னு செஞ்சிருக்க மாட்டாரும்மா. நீங்க மேனேஜர்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. வேலய விட்டு நிறுத்திட்டா ஆலை குடுத்த லயத்து வீட்டயும் காலி பண்ணச் சொல்லிடுவாங்க. மூணு புள்ளைங்க படிக்குதுங்க."

இரண்டு கைகளையும் கூப்பியிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருடைய கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினேன். "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லக்கா" என்று சொன்னேனே தவிர, உண்மையைச் சொல்லவில்லை. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். மூன்று பஸ்கள் போயின. எனக்கு ஏற வேண்டும் என்றே தோன்றவில்லை.

ஞாயிறு காலை பிரிக்பீல்ட்ஸில் பாஸின் வீட்டுக்குப் போனேன். வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாஸ், முனியாண்டி அண்ணனோட சம்சாரம் என்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்க. நம்ம மெஷின அவரு கெடுத்துட்டாராம்."

துடைப்பதை விட்டுவிட்டுத் திரும்பினார்.

"உம்மட்ட மன்னிப்புக் கேட்டவவோ?"

"ஆமா. கையெடுத்துக் கும்பிட்டாங்க."

துணியைப் பானெட் மேலேயே போட்டுவிட்டு, "ஏறும்" என்றார். உடம்பில் வீட்டுச் சட்டைதான். கிள்ளான் ரோட்டில் பாதித் தூரம் போனதும் என்னைப் பார்க்காமல் பேசினார்.

"அங்கை பன்னிரண்டு வருசம் வேலை செய்தனான், சாந்தி. முடிவெல்லாம் வேறை ஓர் அறையிலை வேறை ஆரோ எடுப்பினம். நான் வெளியிலை நிண்டு, எனக்கெண்டால் இப்பிடிச் செய்ய மாட்டன் எண்டு நினைப்பன். அந்த அறைக்குள்ளை நான் இருக்க வேணும் எண்டுதான் திரும்பி வந்தனான். வெள்ளிக்கிழமை அந்த அறைக்குள்ளை இருந்தனான். நானும் அதைத்தான் செய்தனான்."

அன்று முனியாண்டி அண்ணன் விழித்திருந்தார். பாஸ் கட்டிலின் காலடியில் நின்றுகொண்டே சொன்னார். "ஐயா, பிழை எங்கட பெட்டியிலை. உங்களிலை ஒரு பிழையும் இல்லை. நாளைக்கு ஆலையிலை வந்து இதைச் சொல்லுவன். எழுதியும் குடுப்பன்."

அந்த அம்மா ஒரு முறை கணவரையும் ஒரு முறை பாஸையும் பார்த்தார். என்ன நடக்கிறது என்று அவருக்குப் பிடிபடச் சிறிது நேரமானது. பிடிபட்டதும் அழவில்லை, நன்றி சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முனியாண்டி அண்ணனின் பார்வை என்மேல்தான் இருந்தது. நான் முன்னால் போனேன்.

"அண்ணே, குழாய் அடைச்சுக்கும்னு நீங்க சொன்னீங்க. நான் எழுதல."

அவருக்குப் பேசுவது கஷ்டமாக இருந்தது. மெதுவாகத்தான் சொன்னார்.

"எழுதியிருந்தா மட்டும் படிச்சிருப்பீங்களா மிஸ்?"

கோபத்தில் கேட்டதாகத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டது போலத்தான் இருந்தது. முப்பது வருடமாகியும், நேர்மையாகச் சொன்னால், எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.

திங்கட்கிழமை மேனேஜர் மேஜையில் பாஸ் அந்தச் சகதியை வைத்தார். மேனேஜரின் முகம் கறுத்துவிட்டது. அவர் கோபம் பெட்டியின் மேல் இல்லை. எழுதி மேலிடத்துக்கு அனுப்பிவிட்ட ரிப்போர்ட்டை மாற்ற வேண்டியிருக்கிறதே என்றுதான்.

"உங்களக் காப்பாத்தத்தானே எழுதினேன். நீங்களே வந்து கழுத்த நீட்டுறீங்க. அமெரிக்காவுல இதத்தான் படிச்சீங்களா?"

"ரிப்போர்ட்டை மாத்துங்கோ. அவர்ட வேலைக்கு ஒண்டும் ஆகக் கூடாது" என்று மட்டும் பாஸ் திரும்பத் திரும்பச் சொன்னார். தன் கைப்பட இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். ஒரு நகல் குழுமத்தின் தலைமையகத்துக்குப் போனது. அதனால்தான் மேனேஜரால் அதை மேஜை டிராயருக்குள் போட முடியவில்லை. வாய்ப்பேச்சாக இருந்த ஆர்டர் அன்றே செத்தது. அன்று மாலைக்குள் மூன்று ஆலைகளிலும் எங்கள் பெட்டிகளை நாங்களே கழற்றினோம். மூன்றாவது ஆலையில் கழற்றியபோது அங்கேயும் குழாய் பாதி அடைத்திருந்தது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் அங்கேயும் ஒருவர் வெந்திருப்பார். அந்தக் கதவு திங்கட்கிழமை வரைக்கும் தெறிக்காமல் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். நாங்கள் செய்த புத்திசாலித்தனம் அதில் ஒன்றும் இல்லை.

ஆறு பேரில் மூன்று பேர் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் தொழிற்சாலைகளுக்குக் கருவிகளைப் பழுது பார்த்துக் கொடுத்து வயிற்றைக் கழுவினோம். இடையிடையே பெட்டியைத் திரும்பச் செய்தோம். இந்த முறை, அழுத்தம் ஏறியதா என்று அது முதலில் கேட்டது. ஏறவில்லையென்றால் பச்சை விளக்கைப் போடாது. அபாய மணி அடிக்கும். அடித் திருகைத் திறந்து பார்க்காமல் கதவின் பூட்டும் விடாது. அந்தத் திருகை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. முனியாண்டி அண்ணன் காதைக் கொடுத்துக் கேட்ட அதே திருகுதான். வேண்டாம் என்று சொன்னது நான்.

சோதனைத் தாளில் முப்பத்தைந்து கட்டங்களுக்குப் பிறகு ஒரு முழுப் பக்கத்தைக் காலியாக விட்டோம். இயக்குபவர் தன் மொழியில் எழுதுவதற்கு. அதற்குக் கீழே பாஸ் படித்துப் பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டி ஓடும். 'படித்தேன்' என்று மட்டும் எழுதினால் செல்லாது. என்ன செய்தோம் என்று எழுத வேண்டும்.

ஒரு வருடம் கழித்து காப்பார் ஆலை எங்களைத் திரும்பக் கூப்பிட்டது. மேனேஜர் மாறியிருந்தார். மேலிடத்தில் யாரோ அந்த இரண்டு பக்கத்தைப் படித்திருக்கிறார்கள். "தப்பை எழுதிக் கொடுத்த கம்பெனி இது ஒன்றுதான்" என்று சொன்னார்களாம். முனியாண்டி அண்ணன் வேலையில் இருந்தார். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. அவருக்கு எழுத்து வேலை கொடுக்கிறோம் என்றார்களாம். உருளைப் பக்கமே போதும் என்று வந்துவிட்டார். அவர் எங்களோடு சிரித்துப் பேசவில்லை. பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். குழாயைத் தட்டிப் பார்த்தார். தாளை வாங்கி இடது கையால், கோணல் எழுத்தில், ஒரே வரி எழுதினார்.

"மணி சத்தம் பாய்லர் சத்தத்தில் கேட்காது."

எங்கள் மாடியில் அந்த மணியை அடித்துப் பார்த்தபோது கீழே டயர் கடைக்காரர் வந்து சண்டை போட்டிருந்தார். அவ்வளவு சத்தம். நான் அதைத்தான் பாஸிடம் சொன்னேன். பாஸ் தாளை இரண்டு முறை படித்தார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு உருளைக்கும் பாய்லருக்கும் நடுவில், முனியாண்டி அண்ணன் நிற்கும் இடத்தில் போய் நின்றார். மணிப் பட்டனை அழுத்தச் சொல்லி எனக்குக் கையைக் காட்டினார். முனியாண்டி அண்ணன் என் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

அழுத்தினேன். என் காதருகே மணி அலறியது. பாஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவும் கையைக் காட்டினார். காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டார். கடைசியில் அவர் தொண்டை கிழியக் கத்தியது இங்கே லேசாகக் கேட்டது.

"இன்னும் அமத்தேல்லையே, சாந்தி?"

நான் விரலை எடுக்கவே இல்லை.